எல்ஆர்எம் ஏந்துவோர் பக்கம் உள்ள நியாயம்: மெக்வாரியர் ஆன்லைனில் பழிக்கப்படும் ஓர் ஆயுதம்

மெக்வாரியர் ஆன்லைன் என்னும் கணினி ஆட்டத்தில், எதிரணியினரும் சொந்த அணியினரும் ஒருசேர வெறுக்கும் ஆயுதம் ஒன்று உண்டென்றால், அது எல்ஆர்எம் என்று சுருக்கி வழங்கப்படும் நெடுந்தூர ஏவுகணையே ஆகும். லேசரையோ பீரங்கியையோ ஏந்தி வந்து சரியாக ஆடாதவரைத் திறமை குறைந்தவர் என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். எல்ஆர்எம் ஏந்தி வருபவரையோ, முதல் குண்டு பாயும் முன்பே, அணியின் அரட்டைப் பெட்டியிலேயே கோழை என்றும் சுமை என்றும் முத்திரை குத்திவிடுகிறார்கள். அந்தப் பழியின் ஒரு பாதி, அதைக் கையாளும் ஒரு தவறான பழக்கத்திற்கு உரியது. மறு பாதி, ஓர் ஆயுதத்தின் பயனை ஆட்டத்தின் முடிவில் தோன்றும் சேதக் கணக்கைக் கொண்டு மட்டும் அளப்பதால் விளைவது. இந்த ஆயுதம் எங்கிருந்து வந்தது, எப்படி இயங்குகிறது, அதன் மீது சுமத்தப்படும் குற்றங்கள் எவை என்பதை வரிசையாக ஆராய்ந்தால், பன்னிருவர் கொண்ட அணியில் அதற்கென ஓர் இடம் இருப்பதும், அந்த இடத்தை வேறோர் ஆயுதத்தால் நிரப்ப இயலாது என்பதும் விளங்கும்.

ஆட்டமும் ஆயுதமும்

மெக் என்பது உள்ளே ஒருவர் அமர்ந்து இயக்கும், 20 டன் முதல் 100 டன் வரை எடை கொண்ட, பெரும்பாலும் இரு கால்களில் நடக்கும் போர் இயந்திரம். இந்தக் கற்பனை உலகம் கணினியில் பிறந்ததன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த ஃபாசா நிறுவனம் 1984-இல் பேட்டில்டிராய்ட்ஸ் என்ற பெயரில் வெளியிட்டு, அடுத்த ஆண்டே பேட்டில்டெக் என்று பெயர் மாற்றிய மேசை ஆட்டத்திலிருந்து அது வளர்ந்தது. அறுகோணக் கட்டங்கள் வரையப்பட்ட பலகையில் பகடை உருட்டி ஆடப்பட்ட அந்த ஆட்டம், 1989-இல் மெக்வாரியர் என்ற பெயரிலும் கணினிக்கு வந்தது. கனடாவின் வான்கூவரில் இயங்கும் பிரான்யா கேம்ஸ் நிறுவனம் 2013 செப்டம்பரில் முறைப்படி வெளியிட்ட மெக்வாரியர் ஆன்லைன், அதே உலகத்தை இணையம் வழியாகப் பன்னிருவருக்குப் பன்னிருவர் என்ற அணிப்போராக மாற்றியது.

ஆயுதங்கள் அனைத்தும் இந்த உலகில் மூன்று குடும்பங்களில் அடங்கும். லேசர், பிபிசி எனப்படும் துகள் பீரங்கி ஆகியவை ஆற்றல் ஆயுதங்கள்; அவற்றுக்குக் குண்டு தேவையில்லை, ஆனால் சுடும்போதெல்லாம் மெக்கின் உடலில் மிகுந்த வெப்பம் ஏறும், அந்த வெப்பம் எல்லை மீறினால் இயந்திரம் செயலிழந்து நிற்கும். பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் எறிபொருள் ஆயுதங்கள். மூன்றாவது குடும்பமான ஏவுகணைகளில்தான் எல்ஆர்எம் சேர்கிறது. ஒரே முறையில் 5, 10, 15, 20 என ஏவுகணைகளை வீசும் நான்கு அளவுகளில் அது கிடைக்கிறது. மேசை ஆட்டத்தின் அடிப்படை விதிகளில் அவற்றின் எடை முறையே 2, 5, 7, 10 டன். பலகையின் ஒரு கட்டம் 30 மீட்டரைக் குறிப்பதால், 21 கட்டங்கள் வரை எட்டும் அதன் வீச்சு 630 மீட்டராகும். கணினி ஆட்டத்தில் வீச்சு இதைவிடக் கூடுதல். அதே வேளையில் 6 கட்டங்களுக்கு, அதாவது 180 மீட்டருக்கு, உள்ளே வந்துவிட்ட எதிரியிடம் அது தடுமாறுகிறது. மெக்வாரியர் ஆன்லைனில் இன்னர் ஸ்பியர் என்னும் மனித அரசுகள் பயன்படுத்தும் எல்ஆர்எம், அந்தக் குறைந்தபட்சத் தூரத்திற்குள் சேதமே விளைவிப்பதில்லை.

இந்த ஆயுதத்தைச் சுடும் முறையும் தனித்தன்மை உடையது. திரையின் நடுவிலுள்ள குறிவட்டத்தை எதிரியைச் சுற்றித் தோன்றும் சதுரத்தின் மீது சில நொடிகள் நிலைநிறுத்தினால் லாக் எனப்படும் இலக்குப் பிடிப்பு கிடைக்கும். அதன் பிறகு ஏவப்படும் ஏவுகணைகள் வானில் வளைந்து எழுந்து, இலக்கைத் தொடர்ந்து சென்று இறங்கும். அந்த எதிரியை ஏவுபவர் தம் கண்ணால் காண வேண்டியதில்லை. அணியில் ஒருவர் எதிரியைக் குறித்து வைத்திருந்தால், அந்தத் தகவல் மற்ற பதினொருவருக்கும் பகிரப்படுவதால், குன்றுக்கு இப்பால் நிற்பவரும் அப்பால் நிற்கும் எதிரியை லாக் செய்ய முடிகிறது. இதுவே மறைமுகச் சுடுதல். இந்த ஆயுதத்தின் சிறப்பும் அதன் மீதான வெறுப்பும் ஒருங்கே தொடங்கும் இடம் இதுதான்.

குற்றச்சாட்டு ஒன்று: சேதம் சிதறுகிறது

அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் முன்வைக்கும் முதல் குற்றச்சாட்டு கணக்கின் அடிப்படையிலானது. ஒரு மெக்கின் உடல் தலை, நடு மார்பு, இரு பக்க மார்புகள், இரு கைகள், இரு கால்கள் என எட்டுப் பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனிக் கவசம் பெற்றிருக்கிறது. நடு மார்பு சிதைந்தாலோ இரு கால்களும் ஒடிந்தாலோ அந்த மெக் வீழும் என்பதால், ஒரே பகுதியில் சேதத்தைக் குவிக்கும் ஆயுதமே விரைவில் வீழ்த்துகிறது. எல்ஆர்எம் ஏவுகணைகளோ உடல் முழுவதும் பரவி விழுகின்றன. 20 ஏவுகணைகள் ஏவப்பட்டாலும் அவை அனைத்தும் தைப்பதில்லை. மேசை ஆட்டத்தில் இரு பகடைகளில் மிக அடிக்கடி விழும் 7 என்ற எண் வந்தால், 20-இல் 12 மட்டுமே தைக்கின்றன, அவையும் ஐந்தைந்தாகப் பிரிந்து வெவ்வேறு பகுதிகளில் இறங்குகின்றன.

இந்தக் குற்றச்சாட்டு உண்மையே. ஆனால் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே அது காட்டுகிறது. மறுபக்கத்தைக் காண, ஒரே எடை கொண்ட இரண்டு ஆயுதங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிபிசி 7 டன் எடையுடன் 10 சேதம் தந்து 10 அலகு வெப்பம் ஏற்றுகிறது. எல்ஆர்எம்-15 அதே 7 டன் எடையுடன், பகடையில் 7 விழும்போது 9 சேதம் தந்து, 5 அலகு வெப்பம் மட்டுமே ஏற்றுகிறது. ஹீட் சிங்க் எனப்படும் வெப்பம் தணிக்கும் கருவி அடிப்படை விதிகளில் 1 டன்னுக்கு 1 அலகு வெப்பத்தையே வெளியேற்றுவதால், இந்த 5 அலகு வேறுபாடு, இயந்திரத்தோடு இலவசமாக வரும் கருவிகள் தீர்ந்த நிலையில், 5 டன் எடைக்குச் சமமாகிறது. குண்டுகளுக்கு வேண்டிய எடையைக் கழித்த பின்னும், எந்த அளவு எல்ஆர்எம்முக்கும் 1 டன்னில் 120 ஏவுகணைகள் அடங்குவதால், மிச்சம் நிற்கவே செய்கிறது. பிபிசியின் 10 சேதமும் ஒரே இடத்தில் விழுவது அதன் மேன்மை. நீண்ட நேரம் வெப்பத்தில் திணறாமல் தொடர்ந்து சுட முடிவது எல்ஆர்எம்மின் மேன்மை.

மேலும், சிதறும் சேதம் வீணாகும் சேதமன்று. போரின் முதல் சில நிமிடங்களில் எதிரியின் எட்டுப் பகுதிகளிலும் கவசம் தேய்ந்துவிட்டால், அதன் பின் எந்தத் தோழர் எந்தப் பக்கத்தில் நின்று சுட்டாலும் அவருடைய குண்டுக்கு வேலை குறைகிறது. வீழ்த்திய பெருமை கடைசிக் குண்டைச் சுட்டவருக்குச் சேரும். அந்தக் கடைசிக் குண்டு போதுமானதாக இருந்தது எதனால் என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

குற்றச்சாட்டு இரண்டு: எளிதில் தவிர்க்கலாம்

எல்ஆர்எம்மைத் தடுக்கும் வழிகள் வேறெந்த ஆயுதத்திற்கும் இல்லாத அளவு மிகுதி என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. ஏவுகணை இலக்கை அடையப் பல நொடிகள் ஆகும். அது புறப்பட்டதுமே எதிரியின் திரையிலும் ஒலிபெருக்கியிலும் எச்சரிக்கை எழும். ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினால் அத்தனையும் பாறையில் மோதி அழியும். இவை தவிர, வரும் ஏவுகணைகளைத் தானாகச் சுட்டு வீழ்த்தும் ஏஎம்எஸ் என்ற சிறு துப்பாக்கியும், லாக் பெறவிடாமல் குழப்பும் ஈசிஎம் என்ற மின்னணுக் கருவியும், பார்வையிலிருந்து மறைந்த கணமே லாக்கை அறுத்துவிடும் ரேடார் மறைப்புத் திறனும் உள்ளன. கிளான் எனப்படும் எதிர்க்குலத்தாரின் எல்ஆர்எம் எடையில் பாதியே ஆயினும், அதன் ஏவுகணைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரம் போல வருவதால் ஏஎம்எஸ்ஸுக்கு இன்னும் எளிதாக இரையாகின்றன.

இந்த நீண்ட பட்டியலை எல்ஆர்எம்மின் பலவீனத்திற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எனினும் ஒவ்வொரு தடுப்பும் எதிரியிடமிருந்து ஒரு விலையை வாங்குகிறது என்பதைச் சேர்த்து எண்ண வேண்டும். ஏஎம்எஸ்ஸும் அதன் குண்டும் எடுத்துக்கொள்ளும் எடை, லேசருக்கோ கவசத்திற்கோ கிடைக்காமல் போகிறது. ரேடார் மறைப்புக்குச் செலவிடும் திறன் புள்ளிகள் வேறு திறனுக்குக் கிடைக்காமல் போகின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிய விலை, பாறைக்குப் பின்னால் ஒதுங்கும் அந்தச் சில நொடிகள். ஒதுங்கி நிற்பவர் சுடுவதில்லை. மேட்டின் உச்சியைப் பிடித்திருந்த எதிரி எச்சரிக்கை கேட்டுப் பின்வாங்கும்போது, ஒரு ஏவுகணைகூட அவரைத் தொடாமல் போகலாம். ஆனால் அந்த இடைவெளியில் நான்கு தோழர்கள் வெட்டவெளியைக் கடந்து முன்னேறியிருந்தால், அந்த ஏவுகணைகள் தம் வேலையைச் செய்து முடித்தவையே. சேதக் கணக்கில் அதற்குச் சுழி என்றே பதிவாகும்.

குற்றச்சாட்டு மூன்று: கவசத்தைப் பகிர்வதில்லை

மூன்றாவது குற்றச்சாட்டே மிகக் கனமானது. அதில் நேர்மையும் உண்டு. ஓர் அணியின் பன்னிரண்டு மெக்குகளின் கவசமும் சேர்ந்து ஒரு பொதுச்சொத்து. எதிரியின் குண்டுகள் பன்னிருவர் மீதும் பரவி விழுந்தால் அணி நெடுநேரம் தாங்கும். 80 டன் மெக் ஒன்றை ஓட்டி வந்தவர், போர்க்களத்தின் கடைக்கோடியில் ஒரு குன்றுக்குப் பின்னால் நின்று ஏவுகணைகளை வீசிக்கொண்டே இருந்தால், அவருடைய கவசம் கீறலின்றி எஞ்சியிருக்கும். அதற்கான விலையை மற்றப் பதினொருவரும் தம் உடலால் கட்டுகிறார்கள். அந்தப் பதினொருவரும் வீழ்ந்த பின் தனித்து நிற்கும் அவரும், 180 மீட்டருக்குள் நுழையும் எதிரியிடம் செயலற்று வீழ்கிறார்.

இப்படி ஆடுவது தவறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்தத் தவறு ஆயுதத்திற்குள் பொதிந்ததன்று. நெடுந்தூரத் துகள் பீரங்கியையோ காஸ் துப்பாக்கியையோ ஏந்தி, மலை உச்சியை விட்டு இறங்காமல் நிற்கும் குறிசுடுநரும் அதே கவசத்தை அணிக்குத் தராமல் வைத்துக்கொள்கிறார். அவரைப் பழிப்போர் குறைவு. எல்ஆர்எம்மின் இயல்பை உற்று நோக்கினால், பின்னால் பதுங்குவது அந்த ஆயுதத்தை மிக மோசமாகப் பயன்படுத்தும் முறை என்பதும் புலப்படும். தூரம் கூடக் கூட ஏவுகணையின் பறக்கும் நேரம் நீள்கிறது. எதிரிக்கு ஒதுங்க நேரம் கிடைக்கிறது. தோழர் தரும் குறியிடலை மட்டுமே நம்ப வேண்டியிருப்பதால், அந்தத் தோழர் திரும்பிய கணமே லாக் அறுந்துபோகிறது. ஆர்ட்டெமிஸ் என்ற வழிகாட்டும் கருவி, ஒவ்வோர் ஏவுகலத்திற்கும் 1 டன் எடையைக் கூட்டி, ஏவுகணைகள் சிதறாமல் நெருங்கி விழச் செய்கிறது. மேசை ஆட்டத்தில் அது பகடை எண்ணோடு 2-ஐக் கூட்டுவதால், 7 விழுந்த இடத்தில் 9 என்று கொள்ளப்பட்டு, 20-இல் 12-க்குப் பதிலாக 16 தைக்கின்றன. ஆனால் ஏவுபவர் எதிரியைத் தம் கண்ணால் காணும்போது மட்டுமே அது பயன் தரும். முன்னே வருபவருக்கே இந்த ஆயுதம் தன் முழு வலிமையையும் தருகிறது.

சரியாக ஏந்தும் முறை

ஆகவே எல்ஆர்எம் ஏந்துபவரின் இடம் களத்தின் கடைக்கோடி அன்று. முன்னணி வரிசைக்கு அடுத்து, ஏறத்தாழ 250 முதல் 450 மீட்டர் தூரத்தில் எதிரியைக் காணும்படியான நிலை. அங்கிருந்து அவர் தம் லாக்கைத் தாமே பெறலாம். ஏவுகணைகள் விரைந்து சென்று சேரும். தேவைப்படும்போது தம் கவசத்தையும் அணிக்காக இழக்கலாம். டாக் எனப்படும் குறிகாட்டும் லேசரை உடன் வைத்திருந்தால், அதன் ஒளியை எதிரி மீது பிடித்தபடி லாக்கை விரைவாகப் பெறவும், எதிரியின் ஈசிஎம் தரும் குழப்பத்தை வெல்லவும் முடியும்.

நெருங்கி வரும் எதிரியைச் சமாளிக்க வேறு ஆயுதமும் வேண்டும் என்பதை இந்த உலகின் பழைய வடிவமைப்புகளே கற்பிக்கின்றன. 65 டன் எடையுள்ள கேட்டபல்ட் மெக்கின் முதன்மை வகை, இரண்டு எல்ஆர்எம்-15 ஏவுகலங்களோடு நான்கு நடுத்தர லேசர்களையும் ஏந்துகிறது. 70 டன் எடையுள்ள ஆர்ச்சர், இரண்டு எல்ஆர்எம்-20 ஏவுகலங்களோடு அதே நான்கு நடுத்தர லேசர்களைக் கொண்டிருக்கிறது. நடுத்தர லேசர் ஒன்றின் எடை 1 டன் மட்டுமே. ஏவுகணைகள் செயலற்றுப் போகும் 180 மீட்டருக்குள் அந்த நான்கு டன்தான் ஓட்டுபவரின் உயிரைக் காக்கிறது. எடை முழுவதையும் ஏவுகலங்களுக்கே கொடுத்துவிட்டு லேசர் ஒன்றுகூட இல்லாமல் களமிறங்கும் அமைப்புகளே இந்த ஆயுதத்திற்குக் கெட்ட பெயரைத் தேடித் தந்தன.

அணியில் ஒருவரோடு இணைந்து ஆடுவது இன்னும் சிறப்பு. 35 டன் எடையுள்ள ரேவன் மெக்கின் 3எல் வகை, ஈசிஎம், டாக் ஆகியவற்றோடு, எதிரியின் உடலில் ஒட்டிக்கொண்டு ஏவுகணைகளை ஈர்க்கும் நார்க் என்ற குறிகலத்தையும் சுமக்க வல்லது. எதிரியின் பக்கவாட்டில் நுழைந்து ஒரு பெரிய மெக்கின் மீது நார்க்கை ஒட்டிவிட்டு ரேவன் விலகிச் செல்ல, பின்னிருந்து ஏவுகணைகள் அந்தக் குறிகலத்தைத் தேடி வருவது, இந்த ஆட்டம் தரும் மிகச் சிறந்த கூட்டுமுயற்சிகளில் ஒன்று. துப்பாக்கிச் சண்டையில் நிற்க முடியாத சிறிய மெக்கிற்கு, அணியின் வெற்றியைத் தீர்மானிக்கும் பொறுப்பை எல்ஆர்எம் வழங்குகிறது.

களத்தின் இயல்பையும் மறத்தல் கூடாது. பனிவெளியாக விரியும் போலார் ஹைலேண்ட்ஸ் களத்தில் ஒதுங்க இடம் குறைவு. அங்கே எல்ஆர்எம் எதிரியின் ஒவ்வொரு நகர்வையும் கட்டுப்படுத்தும். உயர்ந்த கட்டடங்களும் நெருக்கமான தெருக்களும் நிறைந்த சொலாரிஸ் சிட்டியில் ஏவுகணைகள் சுவர்களில் மோதியே அழியும். விரைவு ஆட்டத்தில் மெக்கைத் தேர்ந்த பிறகே களம் தெரியவருவதால், எல்ஆர்எம்மோடு வேறு ஆயுதங்களையும் கலந்து ஏந்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது.

திறமை என்பது எது

எல்ஆர்எம்முக்குத் திறமை தேவையில்லை என்ற பேச்சு, திறமை என்பதைக் குறிபார்க்கும் விரைவோடு மட்டும் சமப்படுத்துகிறது. நகரும் எதிரியின் பக்க மார்பில் இமைப்பொழுதில் குறிவைப்பது அரிய திறமை என்பது உண்மையே. ஆனால் எந்தத் தோழர் எந்த எதிரியை இன்னும் எத்தனை நொடிகள் பார்வையில் வைத்திருப்பார் என்று கணிப்பதும், குன்றின் உயரத்திற்கும் ஏவுகணையின் வளைவுக்கும் உள்ள உறவை மனத்தில் வரைந்து பார்ப்பதும், ஏஎம்எஸ் சூழ்ந்த கூட்டத்தைத் தவிர்த்துத் தனித்து நிற்பவரைத் தேர்வதும், எஞ்சியிருக்கும் குண்டை எண்ணிச் செலவிடுவதும் திறமைகளே. கை நடுக்கம் உள்ளவர், வயது முதிர்ந்தவர், ஆட்டத்தின் சேவையகத்திலிருந்து நெடுந்தொலைவில் வாழ்வதால் இணைப்பில் தாமதம் உள்ளவர் ஆகியோரும் அணிக்கு உண்மையான பங்களிப்பைத் தர இந்த ஆயுதம் வழிசெய்கிறது. போர்க்களத்தைப் படிக்கும் அறிவு உள்ளவருக்கு, விரலின் வேகம் இல்லை என்பதற்காக இடம் மறுக்கும் ஆட்டம் அந்த அளவுக்கு ஏழ்மைப்பட்டதாகிவிடும்.

எல்ஆர்எம் இல்லாத களம்

இந்த ஆயுதத்தை முற்றிலும் நீக்கிவிட வேண்டும் என்று சொல்வோர், அது இல்லாத களம் எப்படி இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரு அணிகளும் ஆளுக்கொரு மேட்டின் பின்னால் நிற்கும். ஒருவர் எட்டிப் பார்த்து, சுட்டு, மறைவார். எதிரிலுள்ளவரும் அதையே செய்வார். மறைவிடத்தைப் பிடித்தவரை அசைக்க வழியே இராது. ஒரு போரில் மிகச் சில முறையே அழைக்கக்கூடிய பீரங்கித் தாக்குதலையும் வான்தாக்குதலையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், மேட்டைத் தாண்டி வளைந்து சென்று மறைந்து நிற்பவரைத் தொடும் முதன்மையான ஆயுதம் எல்ஆர்எம்மே. அது களத்தில் இருக்கக்கூடும் என்ற எண்ணமே, வெட்டவெளியில் அலட்சியமாக நிற்பதைத் தடுக்கிறது; ஏஎம்எஸ், ஈசிஎம், நார்க், டாக் ஆகிய கருவிகள் பலவற்றுக்கும் வேலையைத் தருகிறது; வேவு பார்க்கும் சிறிய மெக்குகளுக்கு மதிப்பைத் தருகிறது.

தேர்ந்த அணிகள் மோதும் போட்டிகளில் எல்ஆர்எம் அரிதாகவே இடம்பெறுகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. மறைவைத் தவறாமல் பயன்படுத்தும், ஒருங்கே பாய்ந்து 180 மீட்டருக்குள் நுழையத் தெரிந்த எதிரிகளிடம் அதன் வலிமை குறைவது இயல்பு. ஆனால் பெரும்பாலோர் ஆடுவது அத்தகைய போட்டிகளை அல்ல. முன்பின் அறியாத பன்னிருவர் ஒரு குழுவாகத் திரளும் விரைவு ஆட்டங்களையே அவர்கள் ஆடுகிறார்கள். அங்கே, எதிரியை ஒதுங்க வைத்து, தோழருக்கு வழி திறந்து, தன் கவசத்தையும் பகிர்ந்துகொள்ளும் ஒரு கேட்டபல்ட், சுமையன்று. அணியின் தூண்களில் ஒன்று.

எனவே அணியில் எல்ஆர்எம் ஏந்திய ஒருவரைக் காண்போர், அவரைப் பழிக்கும் முன் ஓர் எதிரியை அவருக்காகக் குறித்துத் தர வேண்டும்; எல்ஆர்எம் ஏந்துவோரும் குன்றின் மறைவை விட்டு வெளியேறி, தோழருக்கு அடுத்த வரிசையில் வந்து நிற்க வேண்டும். இவ்விரண்டும் நடந்தால், இந்த ஆயுதத்தைக் காக்க எந்த வாதமும் தேவைப்படாது.